நவம்பரில் வரும் பிள்ளை

(சென்னையில் மாணவர்களுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



புதிதாக ஒரு தொடக்கப் பள்ளியைத் திட்டமிடுவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி எதையும் தொடங்கியதில்லை. ஒரே ஒரு பள்ளியின் திட்டமிடலில் கூட உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பள்ளியும் கடைசியில் திறக்கப்படவில்லை. ஆனால் அந்த ஒன்பது மாதங்களில் ஓர் எக்செல் தாளில் என் கையால் ஒரு பூஜ்ஜியத்தை அடித்தேன். ஆறு வருடமாகியும் அது என்னை விடவில்லை. இன்று அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2017-ல் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை கிடைத்து முதுகலை படிக்க நியூயார்க் போனேன். இரண்டாம் ஆண்டில் களப்பணி செய்தாக வேண்டும். புருக்ளினின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறு குழு புதிதாக ஒரு சார்ட்டர் தொடக்கப் பள்ளிக்கு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தது. கணக்குத் தாள் போட ஆள் தேவை என்றார்கள். போய்ச் சேர்ந்தேன். குழுவில் இருந்தவர்களின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஆய்வு மாணவராக அன்றைக்குக் கொடுத்த வாக்கு அது.

சார்ட்டர் பள்ளி என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குக் கேள்வி இருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், ஒரு தனி நிர்வாகக் குழு நடத்தும் பள்ளி அது. அரசு அந்தக் குழுவுக்கு ஒரு சாசனம் கொடுக்கும். நியூயார்க்கில் முதல் சாசனம் அதிகபட்சம் 5 ஆண்டுக்கு. ஆசிரியர் நியமனம், பாடவேளை, விதிமுறை இவற்றிலெல்லாம் வழக்கமான அரசுப் பள்ளிகளைவிடக் கூடுதல் சுதந்திரம் உண்டு. பதிலுக்கு, சொன்ன தேர்ச்சியைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சாசனம் புதுப்பிக்கப்படாது, பள்ளியை மூட வேண்டியதுதான். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வராதவர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நாங்கள் கூட்டம் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நடந்த வரலாறு. ஓஷன் ஹில் - பிரவுன்ஸ்வில் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். 1967-ல் அங்கிருந்த கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கோ மக்களும் தங்கள் பிள்ளைகளின் பள்ளிகளைத் தாங்களே நிர்வகிக்கச் சோதனை முறையில் ஒரு குழு அமைத்தார்கள். நகரத்தின் கல்வி வாரியம் எங்களைப் புரிந்துகொள்ளவில்லை, ஆசிரியர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், எங்கள் பிள்ளைகளால் படிக்க முடியும் என்றே அவர்கள் நம்பவில்லை என்பது அந்த மக்களின் குற்றச்சாட்டு. 1968 மே மாதம் அந்தக் குழு ஆசிரியர்களும் நிர்வாகிகளுமாக 19 பேரை வேறிடத்துக்குப் போகச் சொன்னது. ஆசிரியர் சங்கம் இதை வேலைப் பாதுகாப்பின் மீது விழுந்த அடியாகப் பார்த்தது. அந்த இலையுதிர் காலத்தில் நகரம் முழுக்க 36 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. மக்கள் கட்டுப்பாடு என்ற சோதனை அதோடு முடங்கிப்போனது. வேலைநிறுத்தத்தைத் தலைமையேற்று நடத்தியவர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர்.

இதே ஷாங்கர்தான் இருபது ஆண்டுகள் கழித்து, 1988-ல், சார்ட்டர் பள்ளி என்ற யோசனையை நாடு முழுவதும் பேசவைத்தார். ஆசிரியர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, சங்கத்தின் ஒப்புதலோடு, புது முறைகளைச் சோதிக்கும் பள்ளிகள் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1991-ல் மின்னசோட்டா முதல் சட்டத்தைப் போட்டது. நியூயார்க் 1998-ல் போட்டது. ஆனால் ஆசிரியர்களின் சோதனைக்கூடமாக நினைத்தது பெரும் அறக்கட்டளைப் பணத்தோடும் பள்ளிச் சங்கிலி நிறுவனங்களோடும் வளரத் தொடங்கியது. ஷாங்கரே பின்னாளில் அதை எதிர்த்தார்.

இங்கே நான் ஒரு தரப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நேர்மையாக இருக்காது. நகர்ப்புறங்களில் பல சார்ட்டர் பள்ளிகள் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளின் தேர்ச்சியை உண்மையிலேயே உயர்த்தியிருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 41 நகர்ப் பகுதிகளை எடுத்து 2015-ல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள சார்ட்டர் மாணவர்கள் கணிதத்தில் ஆண்டுக்குச் சுமார் 40 நாள் பாடத்துக்கு இணையாகவும், வாசிப்பில் 28 நாளுக்கு இணையாகவும் கூடுதலாகக் கற்கிறார்கள் என்றது. 2016-ல் கறுப்பின மக்களின் பழம்பெரும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. புதிய சார்ட்டர் பள்ளிகளை நிறுத்திவைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. அந்தக் கூட்டத்துக்கு எதிராகப் பதாகை பிடித்து நின்றவர்களும் கறுப்பினத் தாய்மார்கள்தான். "எங்கள் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் ஒரே நல்ல பள்ளியை மூடச் சொல்ல நீங்கள் யார்?" என்பதுதான் அவர்கள் கேள்வியின் சாரம். அந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கியாவது ஆங்கில வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் சேரித் தாயிடம், நீ தனியார்மயத்துக்குத் துணைபோகிறாய் என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆகவே சார்ட்டர் பள்ளி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஒரு பள்ளி காகிதத்தில் இருக்கும்போதே அதற்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஏழு பேருக்கு வாக்கு இருந்தது. ஓய்வுபெற்ற கறுப்பினத் தலைமையாசிரியை ஒருவர். அடித்தளத்து அறையைக் கூட்டங்களுக்குக் கொடுத்த தேவாலயப் போதகர் ஒருவர். ஒரு வழக்கறிஞர். நிதித் துறையில் வேலை செய்யும் இளைஞர்கள் இருவர். இளம் ஆசிரியர் ஒருவர். ஏழாவதாக, அந்தப் பகுதியின் பொதுக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு பெண்மணி. வேறொரு பள்ளியின் சமையலறையில் வேலை செய்தவர், பேரனை வளர்த்துக்கொண்டிருந்தார். பகுதி மக்களின் ஆதரவு இருக்கிறது என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அவரை முதலில் கூப்பிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

என் வேலை 5 ஆண்டு மாணவர் எண்ணிக்கைத் தாள். முதல் ஆண்டு மழலையர் வகுப்பில் 60 பேர், ஒன்றாம் வகுப்பில் 60 பேர். ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, ஐந்தாம் ஆண்டில் மழலையர் முதல் ஐந்தாம் வகுப்பு வரை 360 பேர். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பத்திகள்: எத்தனை பேர் வெளியேறுவார்கள், அந்த இடத்தில் எத்தனை பேர் புதிதாகச் சேர்வார்கள். வெளியேறுவோர் நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொண்டோம். புதிதாகச் சேர்வோர் பத்தியில் மழலையர், ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு எண்கள் இருந்தன. மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாக் கட்டத்திலும் பூஜ்ஜியம். அந்த இளைஞர்களில் ஒருவர் சொன்னார், நான் அடித்தேன்.

ஏன் மூன்றாம் வகுப்பு? நியூயார்க்கில் மாநிலத் தேர்வு தொடங்குவது மூன்றாம் வகுப்பில். நான் சொன்ன கணக்குப்படி பள்ளி ஏறினால், முதல் நான்கு ஆண்டில் தேர்வு எழுதும் தொகுதிகள் மூன்றே மூன்று: மூன்றாம் ஆண்டில் ஒரு மூன்றாம் வகுப்பு, நான்காம் ஆண்டில் ஒரு மூன்றாம் வகுப்பு, ஒரு நான்காம் வகுப்பு. ஐந்தாம் ஆண்டில் சாசனத்தைப் புதுப்பிக்கலாமா என்று முடிவெடுப்பவர்கள் கையில் இருப்பது அந்த மூன்று தொகுதிகளின் மதிப்பெண். ஒவ்வொரு பிள்ளையும் எடை. இரண்டாம் வகுப்பு வரை நம் பள்ளியில் படிக்காத, எழுத்துக் கூட்டத் திணறும் ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பில் நுழைந்தால், இந்த ஆண்டு இல்லாவிட்டாலும் அடுத்த ஆண்டு அதன் மதிப்பெண் நம் கணக்கில் ஏறும்.

அரசுப் பணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். அன்றைக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 15 ஆயிரம் டாலர். 60 பேர் இருக்கும் வகுப்பில் 5 இடம் காலியாக இருந்தால் 75 ஆயிரம் டாலர் நட்டம். அதையும் நாங்கள் கணக்குப் போட்டோம். 75 ஆயிரம் போனால் போகட்டும், சாசனம் போனால் பள்ளியே போய்விடும் என்று முடிவுக்கு வந்தோம். கவனியுங்கள், இதில் யாரும் யாரையும் வெறுக்கவில்லை. எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு நல்லது செய்ய வந்தவர்கள், சம்பளம் வாங்காமல் வார இறுதியில் வந்து உட்கார்ந்தவர்கள். அப்படிப்பட்ட மேசையில்தான் அந்தப் பூஜ்ஜியம் பிறந்தது.

ஜனவரி மாதக் கூட்டத்தில் தாளை அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "நவம்பரில் வருகிற பிள்ளைக்கு இதில் எந்தக் கட்டம்?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அவருடைய பேரன் பிராங்ஸ் பகுதியில் தாயோடு வீடற்றோர் காப்பகத்தில் இருந்தவன். நவம்பரில் இவரிடம் வந்தான். அப்போது மூன்றாம் வகுப்பு. மறுநாளே பக்கத்திலிருந்த அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். "அவர்கள் எந்தக் குலுக்கலும் போடவில்லை. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார்கள்" என்றார்.

நியூயார்க் நகரில் நிலையான வீடில்லாமல் படிக்கும் மாணவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 1 லட்சத்தைத் தாண்டியது. வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர்கள், காப்பகத்தில் இருப்பவர்கள், உறவினர் வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பவர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள். வீட்டுக்காரர் வெளியேற்றுவது பள்ளி நாட்காட்டியைப் பார்த்து இல்லை. சார்ட்டர் குலுக்கலுக்கு விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தோடு முடிகிறது. நவம்பரில் எந்தத் தெருவில் இருப்போம் என்று ஏப்ரலில் தெரிந்தவர்களுக்கான குலுக்கல் அது.

நிதித் துறை இளைஞர் பதில் சொன்னார். அவரும் கெட்டவர் இல்லை. "முதலில் இந்த அறுபது பேரைக் கரையேற்றுவோம். பள்ளி நிலைத்துவிட்டால் பிறகு எல்லோருக்கும் கதவைத் திறக்கலாம்" என்றார். இளம் ஆசிரியரும் அவர் பக்கம் பேசினார். நடு ஆண்டில் ஒரு பிள்ளை வந்தால் வகுப்பின் ஓட்டமே தடுமாறும் என்றார்.

தலைமையாசிரியை அப்போது சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் சாரம் இது: "நடுவில் வரும் பிள்ளையால் வகுப்பு தடுமாறுவது உண்மை. நான் முப்பது வருடம் அதைப் பார்த்தவள். ஆனால் நாம் சேர்க்காத அந்தப் பிள்ளை காற்றில் கரைந்துவிடுவதில்லை. எதிர்த் தெருவில் இருக்கும் அரசுப் பள்ளிக்குப் போகிறது. அங்கே வகுப்பு தடுமாறுகிறது. மதிப்பெண் குறைகிறது. பிறகு அந்தப் பள்ளியையும் நம்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாருங்கள், இவர்கள் எவ்வளவு நன்றாக நடத்துகிறார்கள் என்று நாம்தான் துண்டறிக்கை அடிக்கப்போகிறோம்."

அறையில் யாரும் பேசவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. காரணத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நானும் நவம்பரில் வந்த பிள்ளைதான்.

2001-ல் எனக்கு 9 வயது. நான்காம் வகுப்பு. ஆற்றங்கரையில் இருந்த எங்கள் வரிசை வீடுகளை இடித்து, நகரத்துக்கு வெளியே மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அம்மா நான்கு வீடுகளில் வேலை செய்தவர். போன வாரமே அம்மாவுக்கு நான்கு வீட்டு வேலையும் போயிற்று, போய்வரும் பஸ் காசு கட்டுப்படியாகவில்லை. என்னைப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கு அழைத்துப்போனார். டி.சி. எங்கே என்றார்கள். பழைய பள்ளிக்குப் போய் வாங்க ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு வந்தபோது, வகுப்பில் இடமில்லை, ஜூனில் வாருங்கள் என்றார்கள். இந்தக் குடியிருப்புப் பிள்ளைகள் வந்தாலே மற்றவர்கள் படிப்பு கெடுகிறது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அம்மாவுக்கும் விழுந்திருக்கும். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். தங்கையைப் பார்த்துக்கொண்டேன், தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டேன். ஜூனில் மறுபடி நான்காம் வகுப்பிலேயே சேர்ந்தேன். என்னோடு அந்தப் பிளாக்குக்கு வந்த என் வயதுப் பிள்ளைகளில் மூன்று பேர் ஜூனிலும் பள்ளிக்கு வரவில்லை. ஒருவன் டீக்கடைக்குப் போய்விட்டான். மற்ற இருவரும் பெண் பிள்ளைகள், அவர்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள்.

அப்படிப்பட்ட நான், பதினேழு வருடம் கழித்து, இன்னொரு நகரத்தில், இன்னொரு மக்களின் பிள்ளைகளுக்கு, கேள்வி கேட்காமல் பூஜ்ஜியம் அடித்திருக்கிறேன். ஏன் அடித்தேன் என்று திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அந்த மேசையில் எனக்கு நாற்காலி கிடைத்ததே பெரிதாக இருந்தது. நான் படித்த பாடப் புத்தகங்களில் அந்தப் பிள்ளைக்கு 'வெளியேற்ற விகிதம்', 'நிரப்பு விகிதம்' என்று பெயர். அந்தப் பெயர்களைச் சரளமாகப் பேசினால் அவர்கள் தலையாட்டினார்கள். நம்மில் ஒருவர் மேசைக்குப் போய்விட்டாலே போதும், எல்லாம் மாறிவிடும் என்று நாம் நினைக்கிறோம். போனவர் மேசையின் பாஷையைக் கற்றுக்கொண்டு தன் கதையை மறந்துவிடுவதும் நடக்கிறது. அங்கே என் கதையை எனக்கு ஞாபகப்படுத்தியவர், எக்செல் தெரியாத, கையில் ஒரு வாக்கு மட்டும் இருந்த சமையலறைத் தொழிலாளி.

வாக்கெடுப்பு நடந்தது. நாலுக்கு மூன்று. நான்காம் வகுப்பு வரை காலியிடம் வந்தால் இரண்டு வாரத்துக்குள் நிரப்புவது என்று முடிவானது. உடனே அவர் அடுத்த ஓட்டையைக் காட்டினார். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களும் ஏப்ரலில் விண்ணப்பித்தவர்கள்தானே, நவம்பரில் வருகிறவன் அதற்கும் கடைசியில்தானே நிற்பான்? ஆகவே நிலையான வீடில்லாத பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்தோம். ஐந்தாம் வகுப்பில் பூஜ்ஜியம் அப்படியே இருந்தது. முழு வெற்றி இல்லை. நியூயார்க் சட்டத்தில் 2010-ல் ஒரு திருத்தம் வந்தது. மாற்றுத்திறன் மாணவர்கள், ஆங்கிலம் கற்கும் மாணவர்கள், வறுமையால் இலவச அல்லது சலுகை உணவு பெறத் தகுதியுள்ளவர்கள் இந்த மூன்று பிரிவினரையும் சார்ட்டர் பள்ளிகள் போதிய அளவில் சேர்க்க வேண்டும், தக்கவைக்கவும் வேண்டும் என்றது. நல்ல திருத்தம். நடு ஆண்டில் வருகிறவர் என்ற பிரிவு அதில் இல்லை. அதைச் சொல்ல ஒருவர் மேசையில் இருந்தாக வேண்டியிருந்தது.

2019-ன் தொடக்க மாதங்களில் நியூயார்க் நகரத்துக்குச் சட்டம் அனுமதித்த சார்ட்டர் எண்ணிக்கை தீர்ந்துபோனது. எங்கள் விண்ணப்பம் அந்த வரிசைக்குள் வரவில்லை. குழு கலைந்தது. நான் படிப்பை முடித்து ஊர் திரும்பினேன்.

இப்போது சென்னையில் மறுகுடியமர்வுப் பகுதிகளின் பிள்ளைகள் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் கொண்டுபோனார்களே, அது கல்வியாண்டின் எந்த மாதம்? அரையாண்டுத் தேர்வுக் காலம். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் யார் என்று இந்த அறையில் நான் சொல்லத் தேவையில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ஐ எடுத்துப் படியுங்கள். பிரிவு 5, மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது என்கிறது. பிரிவு 15, சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் எந்தப் பிள்ளைக்கும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. பிரிவு 4, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. 2001-ல் இந்தச் சட்டம் இருந்திருந்தால் என் அம்மாவின் கையில் ஒரு பிடி இருந்திருக்கும்.

ஆனால் அதே சட்டத்தின் மிகப் பேசப்பட்ட பகுதியைப் பாருங்கள். தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம். அது நுழைவு வகுப்பில் மட்டும், எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ. அந்தக் கதவு ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரு பருவத்தில் திறக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும் என்ற நடைமுறையும் உண்டு. அந்த வயதில் அந்த இடத்தில் வீடு இருந்தவருக்கு மட்டும்தான் அது. மூன்றாம் வகுப்பில் வீடு இடிக்கப்பட்டு வருகிறவருக்கு அதில் கட்டம் கிடையாது. புருக்ளின் தாளில் நான் அடித்த பூஜ்ஜியம் இங்கே சட்டத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது.

சாதி பள்ளிக்குள் நுழைவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தனித் தட்டு, தனி வரிசை, கையில் கட்டும் கயிறு, கழிப்பறை கழுவச் சொல்வது. பேசத்தான் வேண்டும். ஆனால் இன்னொரு சாதி இருக்கிறது. அது நாட்காட்டியில் இருக்கும், சான்றிதழ் பட்டியலில் இருக்கும், எல்லைக் கோட்டில் இருக்கும், எண்ணிக்கைத் தாளில் இருக்கும். யாரையும் திட்டாது. யார் நிலையாக ஓரிடத்தில் வாழ அனுமதிக்கப்பட்டவர்களோ அவர்களுக்காகப் பள்ளியைக் கட்டிவிட்டு, மற்றவர்கள் தாமதமாக வந்துவிட்டார்கள் என்று சொல்லும்.

இது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. 1873-ல் 'குலாம்கிரி' எழுதிய ஜோதிராவ் புலே அதை அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்கு உழைத்த மக்களுக்குச் சமர்ப்பித்தார். அதே புலே 1882-ல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு எழுதிய மனுவில், உழைப்பவர்களிடம் வரி வாங்கி மேல்சாதியாரின் உயர்கல்விக்குச் செலவிடுகிறீர்கள், தொடக்கக் கல்விக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பள்ளிகளிலிருந்து அரசு விலகிக்கொள்வதை எதிர்த்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் உழவர் சாதிகளிலிருந்து வர வேண்டும், அவர்கள்தான் அந்த மக்களோடு கலந்து பழகுவார்கள், அவர்களின் தேவை அறிவார்கள் என்றார். பள்ளியைத் திட்டமிடும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அவர் அன்றே கேட்டுவிட்டார். 1968-ல் பிரவுன்ஸ்வில் மக்கள் கேட்டதும் அதைத்தான்.

இந்தியாவிலும் மாநகராட்சிப் பள்ளிகளைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. மும்பையில் பல ஆண்டுகளாக நடக்கிறது. நாளை உங்களில் சிலர் அப்படிப்பட்ட நிறுவனத்தில் வேலைக்குப் போவீர்கள். சிலர் ஆசிரியராவீர்கள். ஒருவேளை ஒருவர் கல்வித் துறையில் கோப்பில் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போவீர்கள். போக வேண்டும். அங்கே எந்தப் பள்ளித் திட்டம் உங்கள் கைக்கு வந்தாலும், ஸ்மார்ட் வகுப்பறை எத்தனை, தேர்ச்சி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடு ஆண்டில் காகிதம் இல்லாமல் வரும் பிள்ளையை எத்தனை நாளில் வகுப்பில் உட்கார வைப்பீர்கள்? அந்தப் பிள்ளையைச் சேர்த்த பள்ளிக்கு, மதிப்பெண் குறைந்தது என்பதற்காகத் தண்டனை உண்டா, அல்லது கூடுதல் ஆசிரியர் உண்டா? இதை முடிவு செய்யும் மேசையில் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு வாக்கு இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது, நாம் பயன்படுத்துவதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. புருக்ளினில் ஏழில் ஒரு வாக்கு இருந்தது. இங்கே சட்டம் முக்கால் பங்கு கொடுத்திருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அம்மாக்கள் எழுதி முடித்த தீர்மானத்துக்குக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள் என்பதை நான் களத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இந்த மாதம் விசாரியுங்கள். அந்த அம்மாக்களோடு உட்காருங்கள். பிரிவு 5, பிரிவு 15 இரண்டையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் ஒரே ஒரு கணக்கைக் கேட்கட்டும்: போன வருடம் ஜூலைக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் வந்து கேட்டார்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள்?

என்னோடு வந்து ஜூனிலும் பள்ளிக்கு வராத அந்த மூன்று பேரை நான் இன்றும் பார்க்கிறேன். ஒருவன் அதே டீக்கடையில் மாஸ்டராக இருக்கிறான். இருவரில் ஒருத்தி இப்போது தன் மகள் படிக்கும் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினர். போன மாதம் அவளுக்கு இந்தப் பிரிவுகளைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இது அப்பவே நம்ம அம்மாங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள். பிறகு, "அந்தப் பேப்பரைக் குடு, கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜெய்பீம்.